டீன் பட்டியலில் பெயர் வந்துவிட்டது, அடுத்தது என்ன?

பருவத் தேர்வு முடிவுகள் வெளிவரும் வாரத்தில் நம் கைப்பேசிகளில் இரண்டு வகைப் படங்கள் வலம் வரும். ஒன்று, டீன் பட்டியல் சான்றிதழைப் பிடித்தபடி நிற்கும் நண்பர்களின் படம். மற்றொன்று, ஏதோ ஒரு மாணவர் கழகம் நன்கொடை கேட்டு அனுப்பும் கியூஆர் குறியீடு. முதல் படத்துக்கு வாழ்த்துச் சொல்கிறோம். இரண்டாவதைப் பார்க்காததுபோல் கடந்துவிடுகிறோம். நன்றாகப் படிப்பவர்களே முன்னின்று நிதி திரட்டினால், அதை அடுத்தவர் படிப்புக்குச் செலவிட்டால் எப்படி இருக்கும்?

அமெரிக்காவின் சமூகக் கல்லூரிகளில் இது பழைய வழக்கம். அங்கு 1918இல் மிசூரி மாநிலத்தில் ‘ஃபை தீட்டா கப்பா’ என்ற கௌரவ மாணவர் சங்கம் தொடங்கப்பட்டது. ஈராண்டுக் கல்லூரிகளில் உயர்ந்த மதிப்பெண் சராசரி பெறும் மாணவர்களுக்கான சங்கம் அது. கல்வி, தலைமைத்துவம், சேவை, தோழமை ஆகிய நான்கும் அதன் கொள்கைகள். சான்றிதழ் வாங்கியதோடு உறுப்பினர் வேலை முடிவதில்லை. ஒவ்வொரு கல்லூரிக் கிளையும் ஒரு சிக்கலை எடுத்து ஆராய்ந்து, அதற்கேற்ற செயல்திட்டத்தை நடத்த ஊக்குவிக்கப்படுகிறது. கல்லூரி நிர்வாகத்தைக் கலந்துபேசி, அந்தக் கல்லூரிக்கே தேவையான ஒரு பணியைச் செய்யும் திட்டமும் உண்டு.

நம் நாட்டில் சமூகக் கல்லூரிகள் 2001இல் 12 கல்லூரிகளுடன் தொடங்கின. இங்கு டீன் பட்டியல் உண்டு. விருது விழா உண்டு. இந்திய மாணவர்களின் பண்பாட்டுக் கழகங்களும் உண்டு. ஆனால் பட்டியலில் இடம்பிடித்தவர்கள் ஒன்றுகூடி எதையாவது செய்யும் வழக்கம் குறைவு. விழா முடிந்ததும் சான்றிதழ் கோப்புக்குள் போய்விடுகிறது.

ஆளுக்கு ஒரு வெள்ளி

கல்விக்காக நிதி திரட்டுவது நமக்குப் புதிதல்ல. மலாயாப் பல்கலைக்கழகத்தில் இந்திய ஆய்வியல் துறை அமைந்த 1950களில், ‘தமிழ் முரசு’ நிறுவனர் கோ. சாரங்கபாணி ‘தமிழ் எங்கள் உயிர்’ என்ற நிதியைத் திரட்டினார். பல்கலைக்கழகத்தில் தமிழுக்கு உரிய இடம் வேண்டும், தமிழ் நூல்கள் வேண்டும் என்பதற்காக எழுந்த இயக்கம் அது. ஆளுக்கு ஒரு வெள்ளி என்பதே அவர் கேட்டது. தம் நாளிதழில் மாணவர்களுக்கென ‘மாணவர் மணிமன்றம்’ பகுதியை நடத்தியவரும் அவர்தான்.

1960இல் துன் வீ. தி. சம்பந்தன் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். தோட்டங்கள் துண்டாடப்பட்ட காலம் அது. 100 வெள்ளிப் பங்கைத் தொழிலாளர்கள் மாதம் 10 வெள்ளியாகக் கட்டினார்கள். அந்தப் பணம் தோட்டங்களையே வாங்கும் அளவுக்கு வளர்ந்தது. பணக்காரர் ஒருவரின் பெரிய காசோலைக்காகக் காத்திருக்காமல், பலர் தவறாமல் கட்டிய சிறு தொகை செய்த வேலை இது.

பணத்தைவிட நேரத்தைத் திரட்டிய முயற்சியும் உண்டு. 1982இல் டாக்டர் தம்பிராஜா தொடங்கிய ஸ்ரீ முருகன் நிலையத்தில், பல்கலைக்கழக மாணவர்களும் பட்டதாரிகளும் வார இறுதியில் தம்பி தங்கைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுத்தனர். அங்கு படித்தவர்களே பிறகு அங்கு வந்து கற்பித்ததுதான் அதன் பலம்.

நம் வட்டாரத்தின் தேவை

கம்போங் குவாந்தான் என்றால் எல்லாருக்கும் மின்மினிப் பூச்சிதான் நினைவுக்கு வரும். இரவில் சம்பான் ஏறி சிலாங்கூர் ஆற்றோரம் மின்மினி பார்க்க வெளிநாட்டிலிருந்தும் வருகிறார்கள். இதே கோல சிலாங்கூர் மாவட்டத்தில்தான் நாட்டின் முதல் வணிகச் செம்பனைத் தோட்டமான தென்னமரம் 1917இல் உருவானது. புக்கிட் ரோத்தான், ஈஜோக், பெஸ்தாரி ஜெயா என்று சுற்றிலும் தோட்டத்து வேர் கொண்ட குடும்பங்கள் வாழ்கின்றன.

உயர்கல்விக்கூடங்கள் எட்டாத தூரத்தில் இல்லை. பெஸ்தாரி ஜெயாவில் சிலாங்கூர் பல்கலைக்கழகம் இருக்கிறது. சபாக் பெர்ணம் வட்டாரத்தில் சமூகக் கல்லூரியும் சுல்தான் இட்ரிஸ் ஷா போலிடெக்னிக்கும் இருக்கின்றன. ஆனாலும் எஸ்.பி.எம். முடித்த ஒரு மாணவருக்கு அந்த வாசலைத் தாண்ட முதல் மாதத்தில்தான் தடுமாற்றம் அதிகம். பதிவுக் கட்டணம், விடுதிக் கட்டணம், பேருந்துச் செலவு, மடிக்கணினி என்று எல்லாம் ஒரே நேரத்தில் வந்து நிற்கும். தொழில்நுட்பப் பிரிவென்றால் பாதுகாப்புக் காலணி, சமையல்கலை என்றால் சீருடை. கல்விக் கடன் கிடைத்தாலும் பதிவு நாளன்றே பணம் கைக்கு வந்துவிடாது. “முதலில் வேலைக்குப் போகிறேன், அடுத்த ஆண்டு படிக்கிறேன்” என்று சொல்லிப் போகிறவர் திரும்பி வருவது கடினம். இந்த இடைவெளிக்குத் தேவைப்படுவது பெரும்பாலும் சில நூறு வெள்ளிதான்.

இதற்கு ஒரு சுழல்நிதி போதும். 20 மாணவர்கள் மாதம் 5 வெள்ளி போட்டால் பத்து மாதத்தில் 1,000 வெள்ளி சேரும். அதிலிருந்து உதவி பெறுபவர், கடனோ சம்பளமோ வந்தபின் முடிந்ததைத் திருப்பிப் போடலாம். மண்டபம் எடுத்து, ஒலிபெருக்கி வைத்து, கூப்பன் விற்று நடத்தும் விருந்தில் செலவு போக எவ்வளவு மிஞ்சும் என்று ஒருமுறை கணக்குப் போட்டுப் பாருங்கள். உணவுச் சந்தையில் முறுக்கும் நாசி லெமாக்கும் விற்பது இதைவிட மேல். சமையல் வீட்டுக் கையாலே நடப்பதால் செலவு குறைவு.

மூன்று கட்டுப்பாடுகள்

முதலாவது, அனுமதி. பொது இடத்திலோ வீடு வீடாகவோ பணம் வசூலிக்க 1947ஆம் ஆண்டுச் சட்டப்படி போலீஸ் உரிமம் வேண்டும். பல்கலைக்கழக மாணவர்கள் பணம் திரட்டுவதை 1975ஆம் ஆண்டு கொண்டுவந்த சட்டத் திருத்தம் தடுத்திருந்தது. மாணவர் அமைப்புகள் தங்கள் நிதியைத் தாங்களே கவனிக்க வழிவிடும் திருத்தம் 2023 டிசம்பரில்தான் நாடாளுமன்றத்தில் நிறைவேறியது. சமூகக் கல்லூரி, போலிடெக்னிக் மாணவர்களுக்கு 1976ஆம் ஆண்டின் 174ஆவது சட்டம் பொருந்தும். அதனால் எதைத் தொடங்கும் முன்பும் மாணவர் விவகாரப் பிரிவில் எழுத்துமூலம் அனுமதி கேளுங்கள். பல ஆண்டுகள் கழித்துக் கிடைத்த நம்பிக்கையை முதல் வசூலிலேயே கெடுத்துவிடக் கூடாது.

இரண்டாவது, கணக்கு. தனியொருவரின் வங்கிக் கணக்குக்குப் போகும் கியூஆர் குறியீட்டைப் பயன்படுத்தவே வேண்டாம். எவ்வளவு வந்தது, எதற்குச் செலவானது, எவ்வளவு மீதம் என்று மாதம் ஒருமுறை ஒரே பக்கத்தில் எழுதி உறுப்பினர் குழுவில் போடுங்கள். நன்கொடை கொடுத்தவர் அடுத்த முறையும் கொடுப்பாரா என்பதை அந்த ஒரு பக்கம் முடிவு செய்யும்.

மூன்றாவது, மரியாதை. உதவி பெறும் மாணவரை மாதிரிக் காசோலையோடு நிற்கவைத்துப் படம் எடுக்காதீர்கள். நாளை அவர் உங்கள் வகுப்பில் பக்கத்து நாற்காலியில் உட்காரப் போகிறவர். அந்தப் படத்துக்குப் பயந்தே கேட்காமல் இருந்துவிடுகிறவர்கள் இருக்கிறார்கள்.

கௌரவச் சங்கங்கள் மீது ஒரு குறையும் சொல்வார்கள்: மதிப்பெண் உள்ளவர்கள் தங்களுக்குள் கூடிக்கொள்ளும் மன்றம் என்று. இரவில் பெட்ரோல் நிலையத்தில் வேலை பார்த்துவிட்டுக் காலையில் வகுப்புக்கு வரும் மாணவரின் சராசரி குறைவாகத்தான் இருக்கும். அவர் சோம்பேறி அல்லர். ஆகவே நம் முயற்சிக்கு டீன் பட்டியல் ஒரு தொடக்கமாக மட்டும் இருக்கட்டும். நேரம் உள்ளவர் நேரம் தரட்டும். சமைக்கத் தெரிந்தவர் சமைக்கட்டும். கணக்கியல் படிப்பவர் கணக்கு எழுதட்டும். பணமே சேராவிட்டாலும், எஸ்.பி.எம். முடித்த தம்பி தங்கைகளின் பக்கத்தில் உட்கார்ந்து யூ.பி.யூ. விண்ணப்பத்தைப் பிழையின்றி நிரப்பிக் கொடுப்பதும் பெரிய உதவிதான்.

சங்கம் பதிவாகும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. முதல் கூட்டத்துக்கு மூன்று பேர் போதும்: யாருக்கு என்ன தேவை என்று விசாரிக்க ஒருவர், கணக்கு எழுத ஒருவர், அந்தக் கணக்கைச் சரிபார்க்க ஒருவர்.