துருப்பிடித்த போல்டை முறிக்காமல் கழற்றுவது எப்படி?

சம்பா அறுவடை நெருங்கும்போதுதான் டிரெய்லரின் கமான் பட்டையை மாற்ற வேண்டும் என்ற நினைப்பு பலருக்கு வரும். சேஸிஸ் அடியில் படுத்து ஸ்பேனரைப் போட்டால் போல்ட் அசையாது. யூரியாவும் எருவும் ஏற்றி, சேற்றில் இறங்கி, கழுவாமல் நின்ற வண்டி அல்லவா! ஸ்பேனரில் நீளமான பைப்பைச் செருகி ஒரே இழுப்பாக இழுத்தால், தலை மட்டும் கையோடு வந்துவிடும். அரை மணி நேர வேலைக்கு வண்டி பட்டறையில் நாள் கணக்கில் நிற்கும்.

போல்ட் மரைக்கும் நட் மரைக்கும் நடுவே மயிரிழை இடைவெளிதான் உண்டு. இரும்பு துருவாக மாறும்போது முன்பைவிட அதிக இடத்தை அடைப்பதால், அந்த இடைவெளியில் ஆப்பு அடித்தது போலாகிவிடும். அதற்கு மேல் பலத்தைக் கூட்டினால் முறுகுவது போல்டின் கழுத்துதான்.

முதலில் கம்பி பிரஷ்ஷால் வெளியே தெரியும் மரையைச் சுத்தமாகத் தேய்த்து, துரு நீக்கும் ஸ்பிரே அடித்து ஓர் இரவு ஊறவிட வேண்டும். டீசல், மண்ணெண்ணெய் ஊற்றுவது நம் வழக்கம். ஒன்றும் இல்லாததற்கு அது தேவலாம், அவ்வளவுதான். மறுநாள் தலையில் சுத்தியலால் நாலைந்து தட்டு தட்டி, ஆறு முனை பாக்ஸ் ஸ்பேனரைப் போட்டு, முதலில் இறுக்கும் பக்கம் சற்று அசைத்துப் பாருங்கள். அசைந்தால் முன்னும் பின்னுமாகத் திருகி, இடையிடையே எண்ணெய் விட்டு வெளியே எடுக்கலாம். பின்பக்கம் நட் இருக்கும் போல்ட் என்றால் இவ்வளவு பாடே வேண்டாம்; கிரைண்டரால் நட்டை அறுத்துத் தள்ளிவிட்டுப் புது போல்ட் போடுவதே லாபம்.

சேஸிஸிலேயே மரை வெட்டிய துளை என்றால்தான் சூடு தேவைப்படும். எண்ணெயைத் துடைத்துவிட்டு, போல்டை விட்டு அதைச் சுற்றியுள்ள இரும்பைக் காய்ச்ச வேண்டும். துளை விரிந்து பிடி தளரும். சூடு சற்றுத் தணிந்ததும் மெழுகுவர்த்தியை இடுக்கில் வைத்தால் மெழுகு உருகி மரைக்குள் இறங்கும். ஆனால் கமான் பட்டையைக் காய்ச்சாதீர்கள்; இரும்பின் பதம் போய், லோடு ஏற்றும்போது உடையும். டயர் மாட்டியிருக்கும் சக்கரத்தின் போல்டையும் காய்ச்சக் கூடாது. டயர் வெடித்து உயிரே போகலாம்.

முறிந்தே போனாலும் வழி உண்டு. துண்டு கொஞ்சம் வெளியே நீட்டியிருந்தால், அதன் மேல் ஒரு நட்டை வைத்து உள்பக்கம் வெல்டிங் வைத்துத் திருகலாம். வெல்டிங் சூடே பாதி துருவை விடுவித்துவிடும். டிரெய்லரை டிராக்டரிலிருந்து பிரித்த பிறகே வெல்டிங் வைக்க வேண்டும். டிப்பர் என்றால், தூக்கிய தொட்டிக்கு முட்டுக் கொடுக்காமல் ஹைட்ராலிக்கை மட்டும் நம்பி அடியில் போகவே கூடாது.

துளைக்குள்ளேயே முறிந்திருந்தால் சரியாக நடுவில் பஞ்ச் அடித்து, சின்ன பிட்டில் தொடங்கி டிரில் போட வேண்டும். பிறகு 'ஈசி அவுட்' போடலாம். பெயர்தான் ஈசி! அது கடினமான, எளிதில் ஒடியும் எஃகு. உள்ளே ஒடிந்தால் சாதாரண டிரில் பிட் அதில் இறங்காது. கையில் விறைப்புத் தெரிந்தாலே நிறுத்திவிட்டு மீண்டும் காய்ச்சுங்கள். அதற்கும் வரவில்லையா? 12 மி.மீ. சாதாரண மரை போல்டுக்கு 10.2 மி.மீ. வரை துளைத்து, புதிதாக டேப் போட்டு மரை வெட்டலாம். இதைப் பழகிய லேத் பட்டறையில் கொடுப்பது நல்லது.

புது போல்ட் வாங்கும்போது தலையில் உள்ள எண்ணைப் பாருங்கள். 8.8 இருந்த இடத்தில் 4.6 போட்டால் பாதி பலம்தான். மரையில் கிரீஸ் தடவி மாட்டி, ஒரு நாள் லோடு ஓட்டிய பின் மறுபடி இறுக்கம் பார்க்கவும்.