காய்ச்சல் விட்டபின் தொடங்கும் கசிவு

டெங்கு பிடித்த பிள்ளைக்கு ஆபத்தான நேரம் காய்ச்சல் கொதிக்கும் நேரமல்ல, அது விடும் நேரம். மூன்று நாள் அனலாய்க் கிடந்த உடம்பு நாலாம் நாளோ ஐந்தாம் நாளோ குளிர்கிறது. வீட்டார் நிம்மதியாகிறார்கள். குருதிக் கலன்களிலிருந்து திரவவிழையம், அதாவது குருதியின் நீர்ப்பகுதி, கசியும் பிள்ளைகளுக்கு அந்தக் கசிவு தொடங்குவதும் அப்போதுதான். எல்லாப் பிள்ளைகளுக்கும் அது வருவதில்லை. சாதாரண டெங்குக் காய்ச்சல் கசிவில்லாமலே மாறிவிடும். யாருக்கு வரும் என்று முதல் நாளில் சொல்லும் பரிசோதனை இன்றுவரை இல்லை.

மாத்தளை மாவட்டத்தின் கிழக்கோரத்தில் மகாவலியை ஒட்டிய வில்கமுவ நெல் விளையும் பிரதேசம். இங்கே காய்ச்சலென்றால் டெங்கு ஒன்றையே நினைக்க முடியாது. வயல் நீரில் பெருகும் கியூலெக்ஸ் நுளம்பு ஜப்பானிய மூளைக்காய்ச்சலைப் பரப்பும். பன்றியின் உடலில் பல்கும் அந்த வைரசு பிள்ளையிடம் வலிப்பாகவும் மயக்கமாகவும் வெளிப்படும். 1980களின் நடுவில் அநுராதபுரப் பகுதியில் அது பெரிதாகப் பரவியது. 1988இல் தொடங்கிய தடுப்பூசித் திட்டம் அதை அடக்கியது. இன்று ஒரு வயது நிறைந்ததும் போடப்படும் அந்த ஊசி விடுபட்டதா என்று பிள்ளையின் சுகாதாரப் பதிவேட்டைப் பார்த்தாலே தெரியும். மூட்டுகள் வீங்கி நடக்க மறுக்கும் பிள்ளைக்குச் சிக்குன்குன்யாவாக இருக்கலாம். கெண்டைக்கால் வலியும் சிவந்த கண்ணுமாக வரும் வளர்ந்த பையன் வயலில் இறங்கினானா என்றும் கேட்க வேண்டும். அது எலிக்காய்ச்சலாக இருக்கலாம். அதற்கு நுளம்போடு தொடர்பில்லை, ஆனால் 2008ஆம் ஆண்டுப் பரவலில் மாத்தளையும் கடுமையாகப் பாதிக்கப்பட்ட மாவட்டம்.

சளியோ தடிமனோ இல்லாமல் முகம் சிவந்து, தலையிடியும் வாந்தியுமாய் வரும் கடுங்காய்ச்சல் டெங்குவாக இருக்க இடமுண்டு. கையில் இரத்த அழுத்தப் பட்டியைக் கட்டி, மேல் அளவுக்கும் கீழ் அளவுக்கும் நடுவில் 5 நிமிடம் இறுக்கி வைத்தால், ஒரு சதுர அங்குலத் தோலில் 10 அல்லது அதற்கு மேற்பட்ட செம்புள்ளிகள் எழுவது அந்த ஐயத்தை வலுப்படுத்தும். செலவில்லாத பழைய பரிசோதனை, இன்றும் உதவுகிறது. மூன்றாம் நாள் முழுக் குருதிப் பரிசோதனை அவசியம். கைக்குழந்தைக்கு அதுவரை காத்திருக்கக்கூடாது. முதலில் வெண்குருதிக் கலங்கள் குறையும், பிறகு சிறுதட்டுகள். சிறுதட்டு ஒரு இலட்சத்துக்குக் கீழே இறங்கினால் கசிவு நெருங்குகிறது என்று பொருள். டெங்கு வைரசின் புரதத்தைக் குருதியில் தேடும் என்.எஸ்.1 பரிசோதனையில் ஒன்றும் தெரியவில்லை என்பதால் டெங்கு இல்லை என்றாகிவிடாது.

வைத்தியசாலையில் சேர்க்கும்வரை வீட்டில் செய்ய வேண்டியது கொஞ்சம்தான். பரசிட்டமோல் எடைக்கேற்ப, கிலோவுக்கு 10 முதல் 15 மில்லிகிராம், 6 மணித்தியாலத்துக்கு ஒரு முறை. காய்ச்சல் இறங்கவில்லையே என்று இபுபுரூஃபன், டைக்ளோஃபெனாக், அஸ்பிரின் கொடுப்பதும், இவற்றை ஆசனவாயில் வைக்கும் குளிசையாகத் தேடுவதும் இரைப்பையில் குருதி கசிய வழிவிடும். கஞ்சி, இளநீர், ஜீவனி கொடுக்கலாம். சிவப்பு நிறப் பானம் வேண்டாம்: வாந்தியில் வந்தது குருதியா குளிர்பானமா என்று வைத்தியர் தடுமாறுவார்.

இனிக் கசிவு. குருதிக் கலனின் உட்சுவரில் சர்க்கரைச் சங்கிலிகளாலான மெல்லிய பூச்சு ஒன்று உண்டு. டெங்கு வைரசு வெளியிடும் என்.எஸ்.1 என்ற புரதம் இந்தப் பூச்சை உரிக்கிறது என்பது 2015க்குப் பிந்திய ஆய்வுகூடச் சோதனைகளில் தெரியவந்தது. பரிசோதனைப் பட்டையில் தேடப்படுவதும் இதே புரதம்தான். ஆனால் கசிவு உச்சம் தொடும்போது குருதியில் வைரசு அருகிப்போயிருக்கும். ஆகவே புரதத்தின் மேல் மட்டும் பழியைப் போட முடியாது. வைரசைத் துரத்த உடல் சுரக்கும் வேதிப்பொருள்களுக்கும் பங்குண்டு. முன்பு வேறொரு டெங்கு வகை தொற்றியிருந்தால் ஆபத்து கூடுவதும், தாயின் பிறபொருளெதிரிகளோடு பிறந்த குழந்தை முதல் தொற்றிலேயே கடுமையாக நோயுறுவதும் இதனால்தான். வெளியேறும் திரவவிழையம் கை கால்களில் வீக்கமாகத் தேங்குவதில்லை. நெஞ்சறையிலும், பெரும்பாலும் வலப்பக்கத்தில், வயிற்றறையிலும் சேர்கிறது.

வரம்பில் நண்டு வளை விழுந்த வயலின் நிலைமை இது. இந்த வயலில் மட்டம் இறங்கிச் சேறு தடிக்கிறது, அயல் வயல் நிரம்புகிறது. தடித்த சேறுதான் குருதியில் உயரும் செங்கல விகிதம்: 35 வீதம் 42 ஆவது ஐந்திலொரு பங்கு உயர்வு, கசிவுக்கு அத்தாட்சி. மட்டம் இறங்குகிறதே என்று வக்கடையை அகலத் திறந்தால் அயல் வயல்தான் மேலும் நிரம்பும். பிள்ளை மூச்சுக்குத் திணறும். மூடியே வைத்தால் பயிர் வாடும். இதுவரை எந்தக் கமக்காரருக்கும் விளங்கும். இன்னும் இழுத்தால் கதை விசித்திரமாகிறது: 24 முதல் 48 மணித்தியாலத்தில் நண்டு தானே வளையை அடைத்துவிட்டுப் போகிறது, அயல்காரர் தமக்கு வந்த நீரையெல்லாம் திருப்பி ஊற்றுகிறார். அப்படி ஒரு அயல்காரர் மகாவலியின் எந்த வலயத்திலும் கிடையாது. உடம்பில் இருக்கிறார், அவர் ஊற்றும் நேரத்தில் சேலைனும் ஓடிக்கொண்டிருந்தால் நுரையீரலில் வெள்ளம்.

ஆகவே கொடுக்கும் திரவத்துக்குக் கணக்கு உண்டு. 20 கிலோ எடையுள்ள பிள்ளைக்கு வழக்கமான ஒரு நாள் தேவை 1500 மில்லிலீற்றர். அதோடு கிலோவுக்கு 50 வீதம் 1000 சேரும். இந்த 2500 மில்லிலீற்றர், வாயால் குடிப்பதும் உட்பட, கசிவுக்காலம் முழுவதற்குமான பங்கு. அதிர்ச்சி, அதாவது உறுப்புகளுக்குக் குருதியோட்டம் போதாத நிலை, இல்லாத பிள்ளைக்கு அதை 48 மணித்தியாலத்துக்குப் பரப்ப வேண்டும். சமமாகவும் அல்ல: கசிவு ஏற ஏற ஏற்றி, இறங்க இறங்க இறக்க வேண்டும். அளவுகோல் சிறுநீர். இந்தப் பிள்ளை மணிக்கு 10 மில்லிலீற்றர் கழித்தால் போதும். 20ஐத் தாண்டிப் போனால் மகிழ வேண்டாம், திரவம் அதிகமாகிறது. விடுதியில் தாயின் கையில் கொடுக்கப்படும் அளவுக்குவளைக்குள்ள மதிப்பு இதுதான்.

அதிர்ச்சி நெருங்குவதை மேல் அழுத்தம் காட்டிக்கொடுக்காது. 100/70 ஆக இருந்தது 100/80 ஆகும். இரு அளவுகளின் இடைவெளி 20 ஆகக் குறுகிவிட்டால் பிள்ளை ஏற்கெனவே அதிர்ச்சியில் இருக்கிறது, கதைத்துக்கொண்டும் தண்ணீர் கேட்டுக்கொண்டும் இருந்தாலும்கூட. கை கால் குளிரும், அழுத்திவிட்ட நகம் சிவக்க 2 செக்கனுக்கு மேல் எடுக்கும். வயிற்றுவலி, ஓயாத வாந்தி, சோர்வு, 6 மணித்தியாலமாகச் சிறுநீர் இல்லாமை: இவற்றில் ஒன்று கண்டாலும் வீட்டில் வைத்திருக்கக்கூடாது. மாவட்டப் பொது வைத்தியசாலை நக்கிள்ஸ் மலைகளுக்கு அப்பால் மாத்தளை நகரில் இருப்பதால், வில்கமுவப் பெற்றோர் பயண நேரத்தையும் இந்தக் கணக்கில் சேர்க்க வேண்டும்.

வரலாறு சுருக்கம். 1950களில் மணிலாவிலும் பாங்கொக்கிலும் இந்தக் கசிவு நோய் அறியப்பட்டது. பாங்கொக் சிறுவர் வைத்தியசாலையின் சுசித்ரா நிம்மானித்யா சிகிச்சைக்கு ஒழுங்கு வகுத்தார். இலங்கையில் 2009இல் சுமார் 35,000 நோயாளரில் 346 பேர் இறந்தனர். 2017இல் 1,86,101 பேர் நோயுற்று 440 பேர் இறந்தனர். நூற்றுக்கு ஒன்றாயிருந்த இறப்பு கால்வாசியாகக் குறைந்தது. இடையில் புதிய மருந்தேதும் வரவில்லை. வந்தவை சுகாதார அமைச்சின் வழிகாட்டியும், விடுதிகளில் மணிக்கு மணி நிரப்பப்படும் அவதானிப்புத் தாளும்.

ஆனால் பேச்செல்லாம் “சிறுதட்டு எத்தனை?” என்பதிலேயே நிற்கிறது. பப்பாளி இலைச்சாறு அந்த எண்ணை உயர்த்துவதாகச் சொல்லப்படுகிறது. நோய் தணியும்போது எண் தானாகவே உயரும், சாறு குடித்தாலும் குடிக்காவிட்டாலும். கசிவை அது நிறுத்தியதற்குச் சான்றில்லை, வாந்தியைக் கூட்டும் வாய்ப்போ உண்டு. குருதி பெருகாத பிள்ளைக்குச் சிறுதட்டு ஏற்றுவதும் வீண். தடுப்பூசி விளம்பரங்களையும் நிதானமாகப் படிக்க வேண்டும்: டெங்வாக்சியா பிலிப்பீன்சில் 8 இலட்சத்துக்கு மேற்பட்ட பிள்ளைகளுக்குப் போடப்பட்ட பிறகுதான், முன்பு டெங்கு வராதவர்களுக்கு அது நோயைக் கடுமையாக்கலாம் என்று 2017இல் உற்பத்தி நிறுவனமே அறிவித்தது.

கசிவு அடைபட்டதும் பசி திரும்பும், சிறுநீர் பெருகும், நாடித்துடிப்பு மெதுவாகும், கால்களில் அரிப்பெடுக்கும் சிவந்த தடிப்பில் வெள்ளைத் திட்டுகள் தெரியும். சேலைனை நிறுத்த வேண்டிய கட்டம் இது. பரசிட்டமோல் இல்லாமல் 24 மணித்தியாலம் காய்ச்சலின்றி, மூச்சுத் திணறலின்றி, பிள்ளை உணவு கேட்டு உண்டு, சிறுதட்டு 50,000ஐத் தாண்டி ஏறிக்கொண்டிருந்தால் வீட்டுக்கு அனுப்பலாம். அதிர்ச்சி கண்ட பிள்ளையை அதிலிருந்து மீண்டபின் குறைந்தது 2 நாள் வைத்திருந்தே அனுப்புவார்கள்.