மஞ்சளும் நீலமும் சேர்ந்தால்

டீயை எடுத்துக்கொள்ளுங்கள். ஆறுவதற்குள் நடந்த ஒன்றைச் சொல்லிவிடுகிறேன்.

எனக்குத் தெரிந்த டிராயிங் டீச்சர் ஒருவர் அரசுப் பள்ளியில் இருக்கிறார். வாரத்தில் ஒரு பீரியட் கணினி லேபைக் கேட்டு வாங்கி, எட்டாம் வகுப்புப் பிள்ளைகளை வரையவிடுகிறார். முதல் நாளே ஒரு சிறுமி கையைத் தூக்கிவிட்டாள். “மிஸ், இந்தக் கம்ப்யூட்டர் ரிப்பேர். பச்சையே வரமாட்டேங்குது.” அவள் வரைந்துகொண்டிருந்தது வாழைத்தோப்பு. வாட்டர் கலரில் செய்து பழகியபடியே, முதலில் மஞ்சளைப் பூசி, அதன்மேல் நீலத்தைப் பாதி அடர்த்தியில் இழுத்திருக்கிறாள். வந்தது சாம்பல். பக்கத்துக் கணினியில் செய்து பார்த்தார்கள். அங்கேயும் சாம்பல்தான்.

டீச்சர் அன்று சாயங்காலம் என்னிடம் இதைச் சொன்னபோது எனக்கு உண்மையிலேயே சந்தோஷமாக இருந்தது. கணினியில் வரைவது என்றால் என்ன என்று புரிந்துகொள்ள இதைவிட நல்ல வாசல் கிடைக்காது. அந்தச் சாம்பலைப் பிடித்துக்கொண்டே நாமும் போவோம்.

முதலில், எல்லோருக்கும் இருக்கிற ஒரு தவறான எண்ணம். “கம்ப்யூட்டர்ல வரையறதா? அதுவே வரைஞ்சிடுமே!” பெற்றோர் இப்படிச் சொல்கிறார்கள், மற்றப் பாட ஆசிரியர்கள் சொல்கிறார்கள், சில ஓவிய ஆசிரியர்களே சொல்கிறார்கள். ஒருவர் இதைப் பெருமையாகச் சொல்வார். இன்னொருவர் ‘பிள்ளைகளின் கை கெட்டுவிடும்’ என்ற கவலையோடு சொல்வார். எண்ணம் ஒன்றுதான்: வேலையைச் செய்வது இயந்திரம், பிள்ளை பொத்தானை அழுத்துகிறது. ஆனால் ஒன்றை யோசித்துப் பாருங்கள். தானாக வரையத் தெரிந்த கருவிக்கு வாழையிலை பச்சை என்பது தெரிந்திருக்க வேண்டாமா? சாம்பலைக் கொடுத்துவிட்டு அது பேசாமல் இருந்தது. அதற்கு வாழையும் தெரியாது, வண்ணமும் தெரியாது. அதற்குத் தெரிந்தது வேறு.

அது என்னவென்று பார்க்க ஒரு பொட்டுத் தண்ணீர் போதும். கைபேசியில் ஏதாவது வெள்ளைப் பக்கத்தைத் திறந்துவைத்து, விரல் நுனியால் கடுகளவு நீரை அதன்மேல் வையுங்கள். துளி ஒரு சின்னப் பூதக்கண்ணாடி ஆகிவிடும். குனிந்து உற்றுப் பாருங்கள். வெள்ளை என்று நினைத்த இடத்தில் வெள்ளையே இல்லை. சிவப்பு, பச்சை, நீலம் என்று பொடிப்பொடியாக விளக்குகள். கொஞ்சம் பழைய போனாக இருந்தால் இன்னும் நன்றாகத் தெரியும். திரை என்பது இந்த மூன்று நிறச் சீரியல் பல்புகளை நெருக்கிக் கட்டிய பந்தல். மூன்று பல்பு சேர்ந்த ஒரு கொத்துக்குப் பெயர்தான் பிக்சல். குறுக்கே 1920, நெடுக்கே 1080 என்று அளவு போட்டிருக்கும் திரையில் 20 லட்சத்துக்கும் மேற்பட்ட கொத்துகள் இருக்கின்றன.

ஒவ்வொரு பல்பையும் எவ்வளவு பிரகாசமாக எரியவிடுவது என்பதற்கு 0 முதல் 255 வரை ஓர் எண். வீட்டு மின்விசிறியின் ரெகுலேட்டரில் ஐந்து படி இருப்பதைப் போல, இங்கே 256 படிகள். மூன்றும் 255 என்றால் வெள்ளை, மூன்றும் 0 என்றால் கறுப்பு. மூன்று ரெகுலேட்டர்களையும் திருகித் திருகி 1,67,77,216 நிறங்களைச் சொல்லலாம். கணினிக்கு நிறம் என்றால் அந்த மூன்று எண்கள் மட்டுமே.

இப்போது வாழைத்தோப்புக்கு வருவோம். திரையின் சுத்த மஞ்சளில் சிவப்புப் பல்பும் பச்சைப் பல்பும் முழுதாக எரிகின்றன, நீலம் அணைந்திருக்கிறது: 255, 255, 0. சுத்த நீலத்தில் நீலம் மட்டும்: 0, 0, 255. ஒன்றின்மேல் ஒன்றைப் பாதி அடர்த்தியில் வை என்று சிறுமி சொன்னாள். கணினி சராசரி எடுத்தது. 255-ம் 0-ம் கூட்டிப் பாதியாக்கினால் ஏறக்குறைய 128. மூன்று எண்ணுக்கும் அதே விடை. மூன்று பல்பும் சமமாக, பாதி வெளிச்சத்தில் எரிந்தால் நம் கண்ணுக்கு அதுதான் சாம்பல். கணக்கில் பிழையே இல்லை.

அப்படியானால் வண்ணத்தட்டில் மட்டும் பச்சை எங்கிருந்து வருகிறது? பெயின்ட் வெளிச்சத்தைத் தருவதில்லை. வந்த வெளிச்சத்தைச் சலிக்கிறது. மஞ்சள் பெயின்ட் ஒரு சல்லடை. நீல வெளிச்சத்தைப் பிடித்துவைத்துக்கொண்டு சிவப்பையும் பச்சையையும் திருப்பி அனுப்பும். நீலப் பெயின்ட் இன்னொரு சல்லடை. சிவப்பைப் பிடித்துக்கொண்டு நீலத்தையும் கொஞ்சம் பச்சையையும் விடும். இரண்டையும் குழைத்தால் இரண்டு சல்லடையிலும் தப்பிப்பது பச்சை மட்டுமே. தட்டில் நிறங்களைச் சேர்க்கச் சேர்க்க வெளிச்சம் குறையும். அதனால்தான் எல்லாவற்றையும் கலந்த பிள்ளையின் தட்டு கடைசியில் சேற்று நிறமாகிவிடுகிறது. திரையில் சேர்க்கச் சேர்க்க வெளிச்சம் கூடும். எல்லாம் முழுதாகச் சேர்ந்தால் வெள்ளை.

சிவகாசி அச்சகங்களில் நாலு கலர் காலண்டர் அடிக்கும்போது சல்லடைக் கணக்குதான் நடக்கிறது: சியான் என்ற வெளிர்நீலம், மெஜந்தா, மஞ்சள், கறுப்பு. வீட்டுக் காலண்டரில் முருகன் கையிலிருக்கும் வேலைப் பூதக்கண்ணாடியில் பார்த்தால் இந்த நாலு மைகளின் புள்ளிகள் தெரியும். திரையில் பளீரென்று இருந்த நிறம் அச்சில் மங்கிவிட்டதே என்று பிள்ளைகள் வருத்தப்படுவதற்கும் இதுவே காரணம். பல்பின் பளபளப்பை மையால் தர முடியாது.

(கிரிட்டா என்று ஓர் இலவச ஓவிய மென்பொருள் உண்டு. ஸ்வீடன் மொழியில் அந்தச் சொல்லுக்குச் சுண்ணக்கட்டி என்று பொருள். அதில் ‘மல்டிப்ளை’ என்ற முறையைத் தேர்ந்தெடுத்தால் சராசரிக்குப் பதில் சல்லடைக் கணக்கைப் போடும். அதற்கும் அச்சகத்துச் சியானைக் கொடுத்தால்தான் மஞ்சளோடு சேர்ந்து பச்சை வரும். திரையின் சுத்த நீலத்தைக் கொடுத்தால் கறுப்பு வந்து நிற்கும். எந்தக் கணக்கு வேண்டும் என்று முடிவு செய்யவேண்டியது மறுபடியும் பிள்ளைதான்.)

சரி, இயந்திரம் வரையவில்லை. பின்னே எதற்காக அதை ஓவிய வகுப்புக்குள் கொண்டுவருவது? அதற்கு ஒரு குணம் உண்டு. எதையும் மறக்காது. காகிதம் கடைசியாகப் பட்ட வண்ணத்தை மட்டும் காட்டும். கணினி ஒவ்வொரு முடிவையும் தனித்தனியே வைத்திருக்கும். அந்த ஞாபகத்துக்குப் பல பெயர்கள். அதிலே முக்கியமானது லேயர்.

தஞ்சைப் பெரிய கோயிலின் கருவறையைச் சுற்றியுள்ள உட்பாதையை நினைத்துக்கொள்ளுங்கள். அங்கே சுவரில் இருந்தது நாயக்கர் காலத்து ஓவியம் என்றுதான் நெடுநாள் நினைத்திருந்தார்கள். 1931-ல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த எஸ்.கே. கோவிந்தசாமி, அந்தப் பூச்சுக்கு அடியில் சோழர் காலத்து ஓவியம் இருப்பதைக் கண்டுபிடித்தார். சுமார் 1,000 ஆண்டுக்கு முந்தைய முகங்கள் இன்னொரு படத்தின் முதுகுக்குப் பின்னால் காத்திருந்தன. மேலே உள்ளதைச் சிதைக்காமல் உரித்தெடுத்துத் தனியே காப்பாற்ற, தொல்லியல் துறை அரும்பாடுபட வேண்டியிருந்தது. லேயர் என்பது அந்த இரண்டு ஓவியமும் ஒட்டாமலே இருப்பது. வானம் ஒரு தாளில், தோப்பு இன்னொரு தாளில், ஆட்கள் மூன்றாவதில். பக்கத்தில் இருக்கிற கண் அடையாளத்தை அழுத்தினால் ஒரு தாள் மறையும், மறுபடி அழுத்தினால் வரும். மரத்துக்குப் பின்னால் வீடு வைத்தால் எப்படி, வைக்காவிட்டால் எப்படி என்று ஒரு பிள்ளை ஒரே நிமிடத்தில் பத்துத் தடவை பார்த்து முடிவெடுக்கலாம். காகிதத்தில் அந்தப் பத்துக்கும் பத்து நாள் ஆகும்.

அண்டூவும் ஞாபகம்தான். ஆடுபுலி ஆட்டத்தில் நகர்த்திய காயைப் பழைய இடத்தில் திருப்பி வைப்பது போல. அது அழிப்பான் அல்ல. அழிப்பான் இன்னொரு செயல், அண்டூ போன செயலையே இல்லாமல் ஆக்குவது. பயந்த பிள்ளைக்கு இது பெரிய தைரியம். ஆனால் எனக்கு இதில் ஒரு தயக்கமும் உண்டு. ஒரே கோட்டை நாற்பது தடவை இழுத்து நாற்பது தடவை ரத்து செய்கிற பிள்ளையைப் பார்த்திருக்கிறேன். தவறிப்போன கோட்டை வைத்துக்கொண்டே படத்தைக் காப்பாற்றுவதும் ஓவியர் கற்கவேண்டிய வித்தை. மாதத்தில் ஒரு வகுப்பு ‘இன்று அண்டூ கிடையாது’ என்று சொல்லிவிடலாம்.

இன்னொரு வகை ஞாபகம் இருக்கிறது, அதுதான் எனக்கு மிகவும் பிடித்தது. இங்கிலாந்து ஓவியர் டேவிட் ஹாக்னி, எழுபது வயதைத் தாண்டிய பிறகு, 2011-ல் யார்க்‌ஷயரின் ஒரு கிராமப்புறச் சாலையில் வசந்தம் வருவதை ஐபேடில் தொடர்ந்து வரைந்தார். அந்தப் படங்கள் 2012-ல் லண்டன் ராயல் அகாடமியில் பெரிதாக அச்சிட்டு மாட்டப்பட்டன. அவர் பயன்படுத்திய செயலி, போட்ட கோடுகளைப் போட்ட வரிசையிலேயே திரும்ப ஓட்டிக் காட்டும். கிரிட்டாவிலும் இதற்கென ரெக்கார்டர் இருக்கிறது. வகுப்பில் இதைப் புரொஜெக்டரில் ஓட்டிப் பாருங்கள். எந்தக் கோடு முதலில் வந்தது, கை எங்கே தயங்கியது, எந்த இடத்தில் பிள்ளை மனம் மாறி நிறத்தை மாற்றியது, எல்லாம் தெரியும். முடிந்த படத்துக்கு மார்க் போடுகிற நமக்கு, படம் உருவான வழியைப் பார்க்க இதற்கு முன் வாய்ப்பே இருந்ததில்லை. ‘அதுவே வரைந்துவிடும்’ என்று சொல்கிறவரை அழைத்து உட்காரவைத்து இந்த ஓட்டத்தைக் காட்டினால், வேறு விளக்கம் தேவைப்படாது.

பிக்சல் மட்டுமே வழி என்று நினைத்துவிட வேண்டாம். பிக்சல் படத்தைப் பெரிதாக்கினால் பாய்ப் பின்னலைக் கிட்டத்தில் பார்ப்பதுபோலக் கட்டம் கட்டமாகத் தெரியும். இன்க்ஸ்கேப் போன்ற மென்பொருள்கள் படத்தை வேறுவிதமாக நினைவில் வைக்கின்றன. அதை நம் வீட்டுப் பெண்கள் காலங்காலமாகச் செய்துவருகிறார்கள். கோல நோட்டில் ‘15 புள்ளி, 8 வரை, ஊடு புள்ளி’ என்று எழுதிவைத்திருப்பார்களே, அதில் படத்தின் அளவு எங்கேயாவது இருக்கிறதா? குறிப்பு மட்டும்தான் இருக்கிறது. அதை வைத்து உள்ளங்கை அகலத்திலும் போடலாம், மார்கழியில் தெருவை அடைத்தும் போடலாம், கோடு பிசிறாது. இங்கே தொடங்கு, இப்படி வளை, அங்கே முடி என்று கணினிக்குச் சொல்லிவைத்தால் அதுதான் வெக்டர். கோலம் போடத் தெரிந்த பிள்ளைக்கு இதைச் சொல்லிக்கொடுக்க ஐந்து நிமிடம் ஆகாது.

சொற்களைத் தட்டினால் படத்தைக் கொடுக்கிற செயலிகள் வந்துவிட்டனவே என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. அங்கே ‘அதுவே வரைகிறது’ என்பது உண்மைக்கு வெகு அருகில் வந்துவிடுகிறது. மனிதர்கள் ஏற்கெனவே உண்டாக்கிய ஏராளமான படங்களிலிருந்து பழகி, கேட்டதற்குப் பொருத்தமாக ஒன்றைச் செய்துதருகிறது. பெரியவர்கள் அதை எதற்கு வேண்டுமானாலும் பயன்படுத்தட்டும். எட்டாம் வகுப்பு ஓவியப் பீரியடில் அதற்கு இப்போது இடமில்லை என்பது என் உறுதியான கருத்து. இலை எங்கே மடங்குகிறது என்று பிள்ளை உற்றுப் பார்ப்பதற்காகத்தான் அந்த 40 நிமிடமே இருக்கிறது. பார்ப்பதையும் முடிவெடுப்பதையும் வெளியே கொடுத்துவிட்டால் அந்த நேரத்தில் பிள்ளைக்கு மிச்சம் எதுவுமில்லை.

லேப் இல்லாத பள்ளிகளுக்கு ஒரு வார்த்தை. மவுஸால் வரைவது சோப்புக் கட்டியால் கையெழுத்துப் போடுவது மாதிரி. அதற்காக ஏங்க வேண்டாம். ஆசிரியரின் கைபேசி ஒன்றே போதும். காகிதத்தில் வரைந்த படத்தைப் போட்டோ எடுத்து, கறுப்பு வெள்ளையாக மாற்றிப் பிள்ளையிடம் காட்டுங்கள். சிவப்புப் பூவும் பச்சை இலையும் ஒரே சாம்பலாகி ஒன்றுக்குள் ஒன்று கரைந்திருக்கும். நிறத்தை மாற்றியவர் இருட்டு வெளிச்சத்தை மாற்றவில்லை என்பது அங்கேயே தெரிந்துவிடும். நான் எத்தனையோ முறை வாயால் சொல்லியும் புரியவைக்க முடியாததை அந்த ஒரு போட்டோ புரியவைத்திருக்கிறது.

அந்தச் சிறுமியின் ரிப்பேர் கம்ப்யூட்டர் என்ன ஆயிற்று என்றுதானே? டீச்சர் அடுத்த வாரம் லேபுக்கே போகவில்லை. 1850-களில் ஜேம்ஸ் கிளார்க் மேக்ஸ்வெல் என்ற விஞ்ஞானி, வண்ணக் காகிதம் ஒட்டிய தட்டைச் சுழற்றி நிறங்கள் கண்ணில் எப்படிச் சேர்கின்றன என்று அளந்து பார்த்தார் என்பதை டீச்சரிடம் சொல்லியிருந்தேன். அட்டையில் வட்டம் வெட்டி, பாதி மஞ்சளும் பாதி நீலமும் பூசி, நடுவில் சின்னப் பென்சில் துண்டைச் செருகிக் கொண்டுபோயிருக்கிறார். வகுப்புத் தரையில் பம்பரமாகச் சுற்றிவிட்டார். பிள்ளைகள் குனிந்தார்கள். மஞ்சளும் காணோம், நீலமும் காணோம், பச்சையும் வரவில்லை. மங்கலாக ஒரு சாம்பல் வட்டம் நின்று சுழன்றது. சிறுமி தரையில் கன்னத்தை வைத்துப் படுத்துப் பார்த்துக்கொண்டே இருந்தாளாம். வேகம் குறைந்து அட்டை சாய்ந்து நின்றது. மஞ்சள் ஒரு பக்கம், நீலம் ஒரு பக்கம்.

“இன்னொரு தடவை, மிஸ்” என்றாள்.