பட்டறை வாயிலில் நிற்கும் மாணவி

பொறியியல் கல்லூரிப் பட்டறையின் வாயிலில் முதலாண்டு மாணவி ஒருத்தி நிற்கின்றாள் என்று வைத்துக்கொள்வோம். உள்ளே முப்பரிமாண அச்சுப்பொறிகளும் லேசர் வெட்டுப்பொறிகளும் இயங்குகின்றன. அவற்றைச் சூழ்ந்து நிற்போர் ஒருவரையொருவர் நன்கறிந்த நண்பர்கள். இவளை ஏனென்று கேட்பார் இல்லை. சற்று நேரம் நின்றுவிட்டு விடுதிக்குத் திரும்பிவிடுகின்றாள். கதவு திறந்துதான் இருந்தது. ஆயினும் அவளுக்கு அது அடைத்த கதவே.

'மேக்கர்ஸ்பேஸ்' எனப்படும் இத்தகைய கூடங்கள் இன்று பல பல்கலைக்கழகங்களில் உள்ளன. ஏட்டில் கற்றதைக் கையால் செய்து பார்க்கவும், பிழை செய்து திருத்தவும் இடமளிப்பவை இவை. ஆதலால், உள்ளே வரத் தயங்குபவர் இழப்பது வெறும் பொழுதுபோக்கையன்று. தம் தொழிற்கல்வியின் ஒரு பகுதியையே இழக்கின்றனர்.

இத்தயக்கத்தை நீக்க வழியுண்டா? அமெரிக்காவின் அட்லாண்டா நகரில், ஜார்ஜியா டெக் நிறுவனத்தில் 2009-ஆம் ஆண்டு தொடங்கிய 'இன்வென்ஷன் ஸ்டூடியோ'வை மாணவத் தொண்டர்களே நடத்துகின்றனர். புதியவருக்குக் கருவியைக் கையாளக் கற்பிப்பவரும் சக மாணவரே. ஆசிரியரிடம் கேட்கக் கூசும் கேள்வியைத் தோழரிடம் கேட்கலாமன்றோ? ஆனால் அத்தொண்டருள் பெண்களும், எளிய குடும்பத்துப் பிள்ளைகளும் இடம்பெற வேண்டும். தம்மைப் போன்ற ஒருவரை உள்ளே கண்டால்தான் புதியவருக்குத் துணிவு பிறக்கும்.

சியாட்டிலிலுள்ள வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில், மாற்றுத்திறனாளி மாணவருக்கென 1992 முதல் பணியாற்றும் 'டூ-இட்' மையம், இக்கூடங்களுக்கு வழிகாட்டுக் குறிப்புகளை வகுத்துள்ளது. சக்கர நாற்காலி செல்லத்தக்க அகலமான நடைவழி, உயரத்தைக் கூட்டிக் குறைக்கத்தக்க மேசை, படிக்க எளிதான பெயர்ச்சீட்டு ஆகியவை அவ்வகையின. இவை உயரம் குறைந்தவருக்கும் பார்வை மங்கியவருக்குங்கூட உதவுவன.

பொருட்செலவின்றிச் செய்யக்கூடியவையும் உண்டு. புதியவர்களுக்கென வாரத்தில் ஒரு மாலையை ஒதுக்கலாம். ஒரு மணி நேரத்தில் முடியும் சிறு வேலையொன்றைக் கொடுத்து, செய்த பொருளைக் கையோடு கொண்டுபோகச் செய்யலாம். வரவேற்பு என்பது பாதுகாப்பு விதிகளைத் தளர்த்துவதன்று. கூந்தலை முடிந்துகொள்ளவும் கண்ணாடி அணியவும் வேண்டியதன் காரணத்தைக் கடிந்துகொள்ளாமல் விளக்குவதே வரவேற்பு.

பெற்றோராகிய நமக்கும் இதில் பங்குண்டு. விடுமுறைக்கு வரும் மகளிடம் மதிப்பெண்ணை மட்டும் விசாரியாமல், "பட்டறையில் என்னம்மா செய்தாய்?" என்றும் கேட்போம். அங்கே ஏற்கெனவே பழகிவிட்ட மகனிடம், "வாயிலில் நின்றவர்களை உள்ளே அழைத்தாயா?" என்றும் கேட்போம்.