பெத்லெகேம்: அப்பத்தின் வீடு

'பெத்' எனும் எபிரேயச் சொல் வீட்டையும், 'லெகேம்' அப்பத்தையும் குறிக்கும். லெகேம் பொதுவாக உணவு முழுவதையும் சுட்டுமாதலால், காவிரிக் கரையினராகிய நாம் 'சோற்று வீடு' எனப் பொருள் கொள்ளினும் தவறில்லை. இதற்கு இனமான அரபுச் சொல் 'லஹ்ம்' இறைச்சியைக் குறிக்கும். லக்மு எனும் பழந்தெய்வத்தின் பெயரால் இவ்வூர்ப் பெயர் அமைந்தது எனக் கருதும் அறிஞரும் உளர். அதற்குத் தக்க சான்று இல்லை.

இச்சோற்று வீட்டிலிருந்தே எலிமெலேக்கின் குடும்பம் பஞ்சம் பிழைக்க மோவாபுக்குச் சென்றது (ரூத் 1:1). பெயர் பஞ்சத்தைத் தடுக்கவில்லை. பின்னர் ஆண்டவர் தம் மக்களுக்கு ஆகாரம் அருளினார் (1:6). போவாஸ் தன் வயலில் கதிர் பொறுக்க இடங்கொடுத்ததாலேயே அவ்வாகாரம் அந்நியப் பெண்ணாகிய ரூத்தையும் எட்டிற்று.

நெற்களஞ்சியமான தஞ்சையும் இதனை அறியும். 1781இல் ஹைதர் அலியின் படையெடுப்பையொட்டி இங்குப் பஞ்சம் வந்தபோது, சுவார்ட்ஸ் ஐயர் முன்னரே வாங்கிவைத்திருந்த நெல் பலரைக் காத்தது.

ஆகவே, அப்பத்தின் வீடு என்னும் பெயர் அங்கு வாழ்வோர்மேல் ஒரு கடமையைச் சுமத்துகிறது. அறுப்பின் பண்டிகையில் நெற்கதிர் சார்த்திய பீடத்தின்முன் நின்று இப்பெயரை விளக்கும் நாம், நாற்று நட்டவள் வீட்டில் அன்று அடுப்பு எரிந்ததா என்றும் வினவுதல் வேண்டும்.