கடைசி மருந்துக்கும் வந்த எதிர்ப்பு

ஆன்டிபயாடிக் எதிர்ப்பு என்றதும் மாத்திரையைத் தவறாகச் சாப்பிட்ட நோயாளியைத்தான் குறை சொல்கிறோம். பண்ணைகளுக்கும் இதில் பெரிய பங்கு உண்டு என்பதைக் காட்டியது கொலிஸ்டின் என்ற ஆன்டிபயாடிக்.

கைவிட்டதும் மீண்டும் எடுத்ததும்

சிறுநீரகத்தைப் பாதிக்கும் என்பதால் 1970களில் மருத்துவர்கள் இந்த மருந்தைப் பெரும்பாலும் கைவிட்டார்கள். மற்ற ஊசிகளுக்கு மசியாத கிருமிகள் தீவிர சிகிச்சைப் பிரிவுகளில் பெருகியபோது, வேறு வழியின்றி அதையே திரும்ப எடுத்தார்கள். அதே காலத்தில் சீனாவில் பன்றியும் கோழியும் சீக்கிரம் எடை கூட வேண்டும் என்று, தீவனத்தில் டன் கணக்கில் அதைக் கலந்துகொண்டிருந்தார்கள். நோயே இல்லாத விலங்குகளுக்கு!

கைமாறும் மரபணு

பாக்டீரியா பெருகும்போது அதன் மரபணுக்களில் தற்செயலாகப் பிழைகள் நேரும். அவற்றில் ஒன்று மருந்தைத் தாங்க உதவினால், மற்றவை மடிய, அந்தக் கிருமி மட்டும் பிழைத்துப் பெருகும். இந்த எதிர்ப்பு அதன் வாரிசுகளுக்குத்தான் போகும். கொலிஸ்டின் விஷயத்தில் 2015 வரை தெரிந்திருந்தது இந்த வழி மட்டுமே.

2015 நவம்பரில் சீன ஆய்வாளர்கள் கொலிஸ்டினுக்கு எதிர்ப்புத் தரும் எம்சிஆர்-1 என்ற மரபணுவை அறிவித்தபோது மருத்துவ உலகம் அதிர்ந்தது. காரணம், அது பிளாஸ்மிட் என்னும் சிறு டி.என்.ஏ. வளையத்தில் இருந்தது. இரண்டு பாக்டீரியாக்கள் ஒட்டி நிற்கையில் அந்த வளையத்தின் நகல் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குப் போய்விடும். இரண்டும் ஒரே இனமாக இருக்க வேண்டியதில்லை. குடலில் சாதுவாக வாழும் ஈ.கோலை, நிமோனியா உண்டாக்கும் கிளெப்சியெல்லாவுக்கும் அதைக் கொடுக்கலாம்.

கொலிஸ்டின், பாக்டீரியாவின் வெளிச்சவ்விலுள்ள எதிர்மின்னூட்டத்தைப் பற்றிக்கொண்டு சவ்வைக் குலைக்கும் மருந்து. எம்சிஆர்-1 உருவாக்கும் நொதி அந்த மின்னூட்டத்தைக் குறைக்கிறது. மருந்துக்குப் பிடி கிடைப்பதில்லை.

அந்தச் சீன ஆய்வில் 804 விலங்குகளில் 166-இலும், 523 இறைச்சி மாதிரிகளில் 78-இலும், 1,322 நோயாளிகளில் 16 பேரிடமும் இந்த மரபணு கிடைத்தது. பண்ணையிலிருந்துதான் மனிதருக்கு வந்திருக்க வேண்டும் என்ற சந்தேகம் வலுத்தது.

தடைக்குப் பிறகு

2017இல் சீனா தீவனத்தில் கொலிஸ்டின் கலப்பதை நிறுத்தியது. பின்னர் எடுத்த ஆய்வுகளில், கொலிஸ்டின் எதிர்ப்புள்ள கிருமிகள் விலங்குகளிடமும் மனிதர்களிடமும் குறைந்திருந்தன. எனக்கு இதுவே மிகவும் நம்பிக்கை தரும் செய்தி. இந்தியாவும் 2019 ஜூலையில் உணவுக்காக வளர்க்கும் விலங்குகளுக்குக் கொலிஸ்டினைத் தடை செய்தது. எடை கூட்டுவதற்காகத் தீவனத்தில் எந்த ஆன்டிபயாடிக்கும் சேரக் கூடாது என்பதே என் உறுதியான கருத்து.

வீட்டில் நாம்

சாதாரணச் சளி வைரஸால் வருவது. அதற்கு ஆன்டிபயாடிக் உதவாது. மருத்துவர் எழுதித் தராமல் மருந்துக்கடையில் கேட்டு வாங்காதீர்கள், மீந்த மாத்திரையை அடுத்தவருக்குக் கொடுக்காதீர்கள். இறைச்சியை நன்றாக வேகவையுங்கள். பச்சைக் கறி நறுக்கிய கத்தியையும் பலகையையும் சோப்பு போட்டுக் கழுவிய பிறகே காய்கறி நறுக்குங்கள்.