முரட்டுப் பிள்ளைகளுக்கும் சிகிச்சை உண்டு

வகுப்பில் தினம் யாரையாவது அடிக்கிற பையன் என்றால் பள்ளிக்கூடம் டி.சி.யை நீட்டும், வீட்டில் அப்பா பெல்ட்டை உருவுவார். "அடியாத மாடு படியாது" என்பதை நம்பி அடித்த வீடுகளில் பிள்ளை படிந்ததைவிட, அவனும் அடிக்கக் கற்றுக்கொண்டதே அதிகம். டி.சி.க்கும் பெல்ட்டுக்கும் நடுவே ஒரு வழி இருக்கிறது. அதுதான் குழு சிகிச்சை. சரியாக நடத்தினால் நன்றாகவே பலன் தரும். ஏனோதானோ என்று நடத்தினால் பிள்ளையை மேலும் கெடுக்கும். பெற்றோர் இந்த இரண்டையும் தெரிந்துகொள்ள வேண்டும்.

சேட்டை எது, கோளாறு எது?

ஓடுவது, எதிர்த்துப் பேசுவது, கடை வாசலில் புரண்டு அழுவது எல்லாம் பிள்ளைத்தனம். எதற்கெடுத்தாலும் வீம்பு, சட்டென்று எகிறும் கோபம், பழிவாங்கும் குணம் ஆகியவை ஆறு மாதத்துக்கு மேல் விடாமல் நீடித்து, படிப்பையும் வீட்டையும் பாதித்தால் அது எதிர்ப்பு நடத்தைக் கோளாறாக இருக்கலாம். ஆயுதம் எடுப்பது, விலங்குகளை வதைப்பது, திருடுவது, தீ வைப்பது என்று போனால் இன்னும் தீவிரமான நடத்தைக் கோளாறு.

இப்படி ஒரு பெயரைச் சூட்டுவதற்கு முன்னால் மருத்துவர் பார்க்க வேண்டியவை பல. கவனக்குறைவுக் கோளாறு, எழுத்துக்கூட்டிப் படிக்க முடியாத கற்றல் குறைபாடு, காது சரியாகக் கேட்காதது, வீட்டில் குடியும் அடிதடியும், யாரிடமும் சொல்ல முடியாத பாலியல் கொடுமை என இதில் எதுவும் முரட்டுத்தனமாக வெளிப்படலாம். இதைப் பார்க்காமல் நேராகக் கவுன்சலிங்குக்கு அனுப்பினால் எத்தனை மாதம் போனாலும் பயனில்லை.

ஏன் பலரோடு சேர்த்து?

மருத்துவர் அறையில் தனியாக உட்காரும்போது இந்தப் பிள்ளைகளில் பலர் சமர்த்தாகத்தான் இருப்பார்கள். கோபம் வெடிப்பது சக பிள்ளைகளிடம். அதனால் பழக்குவதும் அங்கேயே நடக்க வேண்டும். நியூயார்க்கில் சாமுவேல் ஸ்லாவ்சன் 1934-லேயே பிள்ளைகளைச் சிறு குழுவாகச் சேர்த்து, கைவேலைப் பொருட்களைக் கொடுத்து, அவர்களுக்குள் நடப்பதையே சிகிச்சையாக்கினார்.

முரட்டுப் பிள்ளைகளிடம் ஒரு பொதுக்குணத்தை அமெரிக்க உளவியலாளர் கென்னத் டாஜ் ஆராய்ந்து காட்டினார். வராந்தாவில் ஒருவன் தெரியாமல் இடித்துவிட்டால் மற்றவர்கள் நகர்ந்துவிடுவார்கள். இவன் மட்டும் "வேணும்னே இடிச்சான்" என்று எடுத்துக்கொள்வான். அடி விழுவதற்கு முன்னால் இந்தத் தப்புக்கணக்கு விழுந்துவிடுகிறது. சிகிச்சை கைவைப்பது அங்கேதான்.

அலபாமா பல்கலைக்கழகத்தின் ஜான் லாக்மன் உருவாக்கிய 'கோப்பிங் பவர்' திட்டத்தில் நாலாம், ஐந்தாம், ஆறாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு 34 அமர்வுகள். அதில் ஒரு பயிற்சியைச் சொல்கிறேன். ஒரு பையன் ஒற்றைக் கையால் டோமினோ கட்டைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்க வேண்டும். மற்றவர்கள் சுற்றி நின்று அவனைக் கிண்டல் செய்வார்கள். கோபத்தில் கை நடுங்கினால் கோபுரம் சரியும். "இவங்க சொல்றதுக்கெல்லாம் நான் ஏன் கோபப்படணும்?" என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டே அவன் அடுக்கப் பழகுகிறான். பொம்மைகளை வைத்தும் கேலியைத் தாங்கப் பழக்குகிறார்கள். எவ்வளவு அறிவுரை சொன்னாலும் வராத நிதானம் இப்படிப் பழக்கத்தில் வருகிறது.

நாலு வயது முதல் எட்டு வயது வரையான குழந்தைகளுக்குக் கேரலின் வெப்ஸ்டர்-ஸ்ட்ராட்டன் உருவாக்கிய 'டைனோசர் பள்ளி' இருக்கிறது. ஆறு குழந்தைகள், இரண்டு சிகிச்சையாளர்கள், பெரிய கைப்பொம்மைகள். கோபம் வந்தால் ஆமை மாதிரி ஓட்டுக்குள் ஒடுங்கி, மூச்சை இழுத்துவிட்டு, "என்னால அமைதியா இருக்க முடியும்" என்று சொல்லச் சொல்லித் தருகிறார்கள்.

குழுவே கெடுக்கவும் கூடும்

இதைச் சொல்லாமல் விட எனக்கு மனம் ஒப்பவில்லை. அமெரிக்காவில் 1939-ல் தொடங்கிய கேம்பிரிட்ஜ்–சாமர்வில் ஆய்வில் 506 சிறுவர்களில் பாதிப் பேருக்கு ஆலோசனையும், அவர்களில் பலருக்குக் கோடை முகாமும் கிடைத்தன. முப்பது ஆண்டு கழித்து ஆய்வாளர் ஜோன் மெக்கார்ட் அவர்களைத் தேடிப் பார்த்தபோது, உதவி பெற்றவர்கள் பெறாதவர்களைவிட மோசமான நிலையில் இருந்தார்கள். முகாமுக்கு ஒரு தடவைக்கு மேல் போனவர்களின் நிலைமை இன்னும் மோசம். தாமஸ் டிஷியன், மெக்கார்ட், பூலன் மூவரும் 1999-ல் இதன் காரணத்தை எழுதினார்கள். விதியை மீறியதைப் பற்றி ஒரு வளரிளம் பையன் பீற்றிக்கொள்ள, மற்றவர்கள் சிரிக்க, அந்தச் சிரிப்பே அவனுக்குப் பரிசாகிவிடுகிறது.

பிறகு லாக்மன் தன் திட்டத்தையே சோதித்தார். குழுவாகவும் தனித்தனியாகவும் கொடுத்துப் பார்த்ததில் இரண்டுமே பலன் தந்தன. ஆனால், ஆசிரியர்கள் கவனித்தபடி, தனியாகப் பெற்ற பிள்ளைகளிடம் முன்னேற்றம் கூடுதல். குழுக்களில் நடந்த 938 அமர்வுகளை ஆராய்ந்தபோது, நடத்துபவரின் திறமையே முக்கியம் என்று தெரிந்தது. சிரிப்பும் பீற்றலும் கிளம்பும் அந்த நொடியிலேயே பேச்சை அன்பாகத் திருப்பத் தெரிந்தவரிடம் பிள்ளைகள் தேறினார்கள்.

ஆகவே, 'திருத்த' வேண்டியவர்கள் என்று முப்பது பேரை ஒரு ஹாலில் உட்காரவைத்து ஒருநாள் முகாம் நடத்துவதைச் சிகிச்சை என்று யாரும் நம்பிவிடாதீர்கள்.

பெற்றோருக்கும் ஒரு குழு

அமெரிக்காவின் ஓரிகானில் உளவியலாளர் ஜெரால்ட் பேட்டர்சன் வீடுகளுக்கே போய்க் கவனித்தார். பிள்ளை கத்துகிறான்; அம்மா முதலில் மறுத்து, பிறகு தாங்க முடியாமல் விட்டுக்கொடுக்கிறார். கத்தினால் நடக்கும் என்று பிள்ளை கற்றுக்கொள்கிறான். கொடுத்தால் வீடு அமைதியாகும் என்று அம்மா கற்றுக்கொள்கிறார். செல்போனுக்காக நடக்கும் சண்டை எல்லாம் இதே கதைதான். இந்த முடிச்சைப் பிள்ளையால் தனியாக அவிழ்க்க முடியாது.

பிரிட்டனில் சிகிச்சை முறைகளைப் பரிந்துரைக்கும் நைஸ் அமைப்பு 2013-ல் தந்த வழிகாட்டுதல் 3 முதல் 11 வயது வரையான பிள்ளைகளுக்குப் பெற்றோர் பயிற்சிக் குழுவைத்தான் பரிந்துரைக்கிறது. பிள்ளைகளுக்கான குழு 9 முதல் 14 வயது வரை. வாரம் ஒரு தடவை இரண்டு மணி நேரமாக, 10 முதல் 18 வாரம். நல்லதைக் கண்டவுடன் பெயர் சொல்லிப் பாராட்டுவது, மிரட்டாமல் ஒரே தடவை தெளிவாகச் சொல்வது, சொன்ன விளைவை மாற்றாமல் நிறைவேற்றுவது எல்லாம் பெற்றோர் பயிற்சியில் உண்டு. "வளர்ப்பு சரியில்லை" என்று ஊரே பேசும்போது, அதே நிலைமையில் இருக்கும் இன்னொரு அம்மாவின் பக்கத்தில் உட்காருவதே அங்கே ஒரு ஆறுதல். அப்பாக்களும் வர வேண்டும். அம்மா கண்டிக்க, அப்பா செல்லம் கொடுக்கும் வீட்டில் எந்தச் சிகிச்சையும் நிற்காது.

எங்கே கேட்பது?

அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளின் மனநலப் பிரிவில் முதலில் காட்டுங்கள். இலவசத் தொலைபேசி ஆலோசனைக்கு டெலி-மானஸ் எண் 14416, தமிழிலேயே பேசலாம். குழு சிகிச்சை என்று யாராவது சொன்னால், குழுவில் எத்தனை பேர், நடத்துபவர் பயிற்சி பெற்றவரா, இரண்டு பேர் இருக்கிறார்களா, எத்தனை வாரம், பெற்றோருக்கு என்ன பயிற்சி என்று தயங்காமல் கேளுங்கள். ஐந்தாறு பேருக்கு மேல் சேர்த்தாலோ, பெற்றோர் வர வேண்டாம் என்றாலோ வேறு இடம் பாருங்கள்.

தலைமை ஆசிரியர்களிடம் ஒரு வேண்டுகோள்: டி.சி.யில் கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் அந்தப் பிள்ளையை மனநல மருத்துவரிடம் அனுப்பி, பள்ளியில் நீங்கள் பார்த்ததை ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள்.